சாம்பியன் பேர் இல்லாத 11 வருஷம்: எகிப்து லீகோட கதை

முகமது சலாவ நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு லிவர்பூல் ஜெர்சியிலதான் பழக்கம். அவர் ஐரோப்பாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்னு தேடினா 2012 மார்ச்ல சுவிட்சர்லாந்து பாசல்ல நடந்த ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச்ல போய் நிக்கும். எகிப்து அண்டர்-23 டீம் அந்த ஊர் கிளப்போட ஆடுது, சலா செகண்ட் ஹாஃப்ல இறங்கி ரெண்டு கோல் போடுறார், எகிப்து 4-3னு ஜெயிக்குது, அடுத்த மாசமே பாசல் அவர எடுத்துக்கிச்சு. ஆனா அந்த மேட்ச் நடந்ததுக்குக் காரணமே வேற, அந்தப் பசங்களுக்கு சொந்த நாட்டுல ஆட மேட்ச்சே இல்லாமப் போயிருந்துச்சு. பிப்ரவரி 1 அன்னிக்கு போர்ட் சயீத் ஸ்டேடியத்துல லீக் மேட்ச் பார்க்க வந்தவங்கள்ல 74 பேர் செத்துட்டாங்க, அதோட லீக் நின்னுபோச்சு, அந்த சீசனுக்கு சாம்பியன்னு யாரும் கிடையாது.

எகிப்து லீகோட சாம்பியன் லிஸ்ட மேல இருந்து கீழ படிச்சா அல் அஹ்லி, அல் அஹ்லி, அல் அஹ்லின்னு ஒரே பேரா வரும். 1948-49ல இருந்து 2024-25 வரைக்கும் எண்ணினா 77 சீசன். அதுல 45 அஹ்லி, 14 ஜமாலெக், மிச்ச கிளப் எல்லாம் சேர்ந்து 7. கூட்டிப் பாருங்க, 66தான் வரும். மீதி 11 வருஷம் சாம்பியன் பேருக்கான இடம் காலியாவே இருக்கு. ஜெயிச்சவங்க பேர விட இந்தக் காலி இடங்கள்தான் எகிப்தப் பத்தி எனக்கு அதிகமா சொல்லுச்சு, அதனால லீகோட கதைய அந்த வழியாவே சொல்லிப் பார்க்குறேன்.

லீக்குக்கு முன்னாடியே கிளப்புங்க வந்தாச்சு. அல் அஹ்லி 1907ல கெய்ரோவுல ஆரம்பிச்சது, அப்ப எகிப்து பிரிட்டிஷ்காரன் கைக்குள்ள, நல்ல கிளப்புன்னா அது வெள்ளைக்காரன் கிளப்பாத்தான் இருக்கும், படிச்ச எகிப்தியப் பசங்க கூடிப் பேசவும் விளையாடவும் ஒரு இடம் வேணும்னுதான் உமர் லுத்ஃபி இத ஆரம்பிச்சார். அஹ்லின்னாலே தேசத்துக்குச் சொந்தமானதுன்னு அர்த்தம். அப்படிப்பட்ட கிளப்புக்கும் முதல் தலைவர் மிட்செல்-இன்னஸ்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி, ஏன்னா அவங்க ஆதரவு இல்லாம அப்ப எதுவும் நகராது. கொஞ்ச காலத்துலயே, அடுத்த பத்து வருஷத்துல நாட்டோட சுதந்திரப் போராட்டத்துக்கே தலைவரா ஆகப்போற சஅத் ஸக்லூல் கிளப்போட பொதுக்குழுவுக்குத் தலைவரா வந்துட்டார்.

ஜமாலெக் பொறந்த விதம் வேற. 1911ல மெர்ஸ்பாக்னு ஒரு பெல்ஜியம் வக்கீல் ஆரம்பிச்சது, முதல் பேர் கஸ்ர் அல் நீல், அடுத்து எல்லா நாட்டுக்காரங்களும் சேர்ந்த கிளப்புங்கிறதால முக்தலத், அதாவது கலந்தவங்க. 1940கள்ல மன்னர் ஃபாரூக் பேர வெச்சு ஃபாரூக் கிளப் ஆச்சு, 1952 ஜூலையில ராணுவ அதிகாரிங்க மன்னர அனுப்பி வெச்சதும் அந்தப் பேரும் போயி ஜமாலெக்னு ஆச்சு. நாட்ட யார் ஆண்டாங்கன்னு ஒரு கிளப்போட பேர வெச்சே சொல்லிடலாம். அஹ்லின்னா மக்கள் கட்சி, ஜமாலெக்னா மன்னர் கட்சின்னு சுருக்கமா சொல்லிடறவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. ரெண்டு பக்கமும் ஏழையும் இருந்தான், பணக்காரனும் இருந்தான். 1911ல லண்டனுக்குப் போய் ஃபுல்ஹாமுக்கு ஒரு மேட்ச் ஆடிட்டு வந்த ஹுசைன் ஹெகாசிதான் எகிப்தோட முதல் பெரிய ஸ்டார், அவரே ரெண்டு கிளப்புக்கும் ஆடினவர்.

1921ல ஃபுட்பால் சங்கம் வந்தாச்சு, கப் போட்டி நடந்துச்சு, கெய்ரோவுக்கு ஒரு லீக், அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரு லீக்னு ஊருக்கு ஊர் தனியா ஓடுச்சு, 1934ல உலகக் கோப்பைக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடும் எகிப்துதான். ஆனா நாடு முழுக்க ஒரே லீக்னு 1948 வரைக்கும் இல்ல. பாலஸ்தீனப் போர் நடந்துக்கிட்டு இருந்த அதே வருஷம் அக்டோபர் 22ல அது ஆரம்பிச்சது, மொத்தம் 11 டீம்.

அந்த 11 பேர வாசிச்சாலே அன்னிக்கு இருந்த எகிப்து தெரியும். கெய்ரோ பக்கம் அஹ்லி, ஃபாரூக், ரயில்வேக்காரங்களோட சிக்கா அல் ஹதீத், ஆயுதப் பட்டறைத் தொழிலாளிங்களோட தெர்சானா. அலெக்சாண்ட்ரியாவுல இருந்து நாலு டீம், அல் இத்திஹாத், ஒலிம்பிக், டிராம் கம்பெனியோட டீம், அந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா இருந்த கிரேக்கர்களோட யூனான். சூயஸ் கால்வாய் ஓரத்துல இஸ்மாயிலி, போர்ட் சயீதோட அல் மஸ்ரி, கால்வாய்க்கு எதிர்க்கரையில இருந்து போர்ட் ஃபுவாத். அவ்வளவுதான். ரயில், டிராம், கால்வாய், துறைமுகம்னு பிரிட்டிஷ் காலத்துப் பணம் எங்க ஓடுச்சோ அங்கதான் ஃபுட்பாலும் இருந்துச்சு, விவசாயிங்க நெருக்கமா வாழ்ந்த நைல் டெல்டாவுல இருந்தோ தெற்கு எகிப்துல இருந்தோ ஒரு டீம் கூட இல்ல. அல் மஸ்ரிங்கிற பேருக்கு எகிப்தியன்னு அர்த்தம், நாட்டுல இருக்கிற எல்லாருமே எகிப்தியன்தானே, ஏன் ஒரு கிளப்புக்கு அந்தப் பேருன்னா, 1920ல போர்ட் சயீத்ல கிரேக்கருக்கு ஒரு கிளப், இத்தாலியனுக்கு ஒரு கிளப்னு இருந்தப்ப அந்த மண்ணோட ஆளுங்களுக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். முதல் சீசன் டாப் ஸ்கோரரும் அல் மஸ்ரிக்காரர்தான், பேர் அல் திஸ்வி. இந்த ஊரையும் இந்த கிளப்பையும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி மறுபடி வரணும்.

முதல் கோப்பை அஹ்லிக்கு. அதுக்கப்புறமும் அஹ்லிக்கே. 1959 வரைக்கும் நடந்து முடிஞ்ச 9 லீகும் அவங்களே எடுத்தாங்க, சாலிஹ் சலீம் மாதிரி ஆளுங்க ஆடின காலம் அது, அவர்தான் பின்னாடி கிளப்போட தலைவராவும் ஆனார். இடையில ரெண்டு காலி இடம், 1951-52ல ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு டீம் தயாராகணும்னு லீகையே நடத்தல, 1954-55 பாதியிலயே ரத்து. ஆச்சரியம் என்னன்னா 1956ல பிரிட்டன், ஃபிரான்ஸ், இஸ்ரேல் மூணும் சேர்ந்து அடிச்சு போர்ட் சயீதே சிதைஞ்ச அந்த சீசன்ல லீக் நிக்கல, அஹ்லி பேர் ஒழுங்கா ஏறியிருக்கு. அந்தப் போருக்கு அப்புறம் கிரேக்கர், இத்தாலியர், யூதர்னு ஆயிரக்கணக்குல நாட்ட விட்டுக் கிளம்பினாங்க, யூனான் மாதிரி ஒரு டீம் மேல வர்றதுக்கான ஆளே ஊர்ல இல்லாமப் போச்சு.

என்னக் கேட்டா லீகோட பொற்காலம் 1959-60ல இருந்து 1966-67 வரைக்கும் உள்ள 8 வருஷம்தான். அதுல 5 வேற வேற கிளப் சாம்பியன். ஜமாலெக் முதல் தடவ ஜெயிச்சது அப்பதான், 1963ல தெர்சானா ஜெயிச்சது, அந்த டீம்ல ஆடின ஹசன் அல் ஷாஸ்லி லீக்ல போட்ட 173 கோல்தான் எல்லாக் காலத்துக்குமான ரெக்கார்டு, பெரிய கிளப்புக்குப் போகாம ஒரு பட்டறைத் தொழிலாளி கிளப்புல இருந்துக்கிட்டே போட்ட கோல் அதெல்லாம். 1966ல ஒலிம்பிக், இன்னிய தேதி வரைக்கும் அலெக்சாண்ட்ரியாவுக்கு வந்த ஒரே லீக் கோப்பை அதுதான். 1967ல இஸ்மாயிலி, கால்வாய்க்கரைக்கு முதல் கோப்பை. கெய்ரோவ விட்டு விளையாட்டு வெளிய பரவ ஆரம்பிச்ச நேரம் அது.

அந்த நேரத்துலதான் 1967 ஜூன் வந்துச்சு. இஸ்ரேலோட நடந்த போர்ல ஆறே நாள்ல சினாய் பாலைவனம் கைவிட்டுப் போச்சு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் ராணுவம், இந்தப் பக்கம் எகிப்து, நடுவுல தண்ணி. போர்ட் சயீத், இஸ்மாயிலியா, சூயஸ் மூணு ஊரும் பீரங்கிக்கு நேர் எதிர்ல. லட்சக்கணக்கான ஜனங்கள வீட்டக் காலி பண்ண வெச்சு டெல்டாவுக்கும் கெய்ரோவுக்கும் அனுப்பினாங்க. அடுத்த நாலு வருஷத்துக்கு லிஸ்ட்ல சாம்பியன் பேர் இல்ல.

இஸ்மாயிலி அப்ப பண்ணத நான் எத்தன தடவ படிச்சாலும் மனசு ஒரு மாதிரி ஆயிடும். சாம்பியன் டீம், ஆனா ஆடுறதுக்கு லீக் இல்ல, சொந்த ஊரு குண்டு விழுற இடம், ரசிகர்கள் எல்லாம் அகதியாப் போயி வேற வேற ஊர்ல. கிளப்போட தலைவர் உஸ்மான் அஹமத் உஸ்மான், அஸ்வான் அணையக் கட்டின கம்பெனியோட முதலாளி, அவர் பொறந்ததே இஸ்மாயிலியாதான். டீம் அரபு நாடு நாடாப் போயி காட்சி மேட்ச் ஆடி, வந்த காச போர் நிதிக்குக் கொடுத்தாங்க. அதே நேரம் 1969 ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் கப்லயும் ஆடினாங்க, ஃபைனல்ல காங்கோவோட டிபி எங்கிள்பேர், ரெண்டு வருஷமா அந்தக் கப்ப வெச்சிருந்த டீம். கின்ஷாசாவுல 2-2, அப்புறம் 1970 ஜனவரியில கெய்ரோவுல 3-1. எகிப்துக்கு வந்த முதல் ஆப்பிரிக்க கிளப் கோப்பை அதுதான், ஜெயிச்சது அஹ்லியும் இல்ல, ஜமாலெக்கும் இல்ல, ஊரே காலியாக் கிடந்த ஒரு கிளப். போர்ல தோத்துப் போயி தலை குனிஞ்சு கிடந்த நாட்டுல அன்னிக்கு ராத்திரி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

1971-72ல லீக மறுபடி ஆரம்பிச்சாங்க, அதுவும் முடியல. இந்தத் தடவ போர் காரணம் இல்ல, டிசம்பர்ல நடந்த அஹ்லி-ஜமாலெக் மேட்ச். ரெஃபரி அல் தீபா, 1957ல முதல் ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல்ல நாலு கோல் போட்டவர், 1968 ஃபைனல்ல ரெஃபரியா நின்னவர், அதாவது நாட்டுல அவர விடப் பெரிய பேர் உள்ள ரெஃபரி கிடையாது. அஹ்லி கோல்கீப்பர் மர்வான் கனஃபானி, பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியோட தம்பி. ஜமாலெக்குக்கு ஒரு பெனால்டி கொடுத்ததுல கிரவுண்டுக்குள்ள கூட்டம் இறங்கி மேட்ச்சே நின்னு, கடைசியில அந்த சீசன மொத்தமா ரத்து பண்ணாங்க. தோல்விக்குப் பதிலடி எப்பன்னு காத்துக் காத்து நாடே கொதிச்சுக்கிட்டு இருந்த வருஷம் அது, மாணவர்கள் தெருவுல இறங்கினதும் அதே குளிர்காலத்துலதான், ஸ்டேடியத்துல மட்டும் அமைதி எங்க இருந்து வரும்.

1972-73ல கோப்பை போன இடம் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அல் மஹல்லா அல் குப்ரா, டெல்டாவுல இருக்கிற பஞ்சாலை ஊர். 1927ல ஆரம்பிச்ச மிஸ்ர் நூற்பு நெசவுக் கம்பெனியோட டீம் கஸ்ல் அல் மஹல்லா, கஸ்ல்னா நூற்புன்னு அர்த்தம், ரசிகர்களும் பெரும்பாலும் மில்லுல வேல பார்த்தவங்கதான். 1948ல ஒரு டீம் கூட இல்லாத டெல்டாவுக்கு 25 வருஷத்துல ஒரு சாம்பியன். 1973 அக்டோபர் 6ல இஸ்ரேல் மேல போர் தொடுத்து எகிப்து ராணுவம் கால்வாயத் தாண்டிப் போனதும் லீக் மறுபடி நின்னுச்சு, அடுத்த காலி இடம், அதுக்கு நடுவுலயும் மஹல்லா 1974ல ஆப்பிரிக்க ஃபைனல் வரைக்கும் போயி பிராஸவில்லோட காரா டீம்கிட்ட தோத்தாங்க. பல வருஷம் கழிச்சு 2008 ஏப்ரல் 6ல நாட்ட உலுக்கின அந்த வேலைநிறுத்தம் கிளம்பினதும் இதே மில்லுல இருந்துதான்.

1974க்கு அப்புறம் லீக் ஓரளவு ஒழுங்கா ஓடுச்சு, அஹ்லி ஆதிக்கமும் திரும்பி வந்துச்சு, அல் கதீப் ஆடின காலம், 1983ல ஆப்பிரிக்காவோட சிறந்த வீரர் விருது வாங்கினவர், இப்ப கிளப்போட தலைவர். இந்தக் காலத்துல வெளிய இருந்து வந்த ஒரே பேர் 1982-83ல அல் மொகாவ்லூன் அல் அரப், அரபு கான்ட்ராக்டர்ஸ்னு அர்த்தம், அதே உஸ்மான் அஹமத் உஸ்மானோட கம்பெனி 1973ல ஆரம்பிச்ச கிளப். கேமரூன் கோல்கீப்பர் ஜோசஃப் அன்டுவான் பெல்லக் கூட்டி வந்து ஆட வெச்சாங்க, ஆப்பிரிக்க கப் வின்னர்ஸ் கப் 1982லயும் 1983லயும் அவங்களுக்கே. பின்னாடி நக்ரிக்னு ஒரு டெல்டா கிராமத்துல இருந்து பஸ் மாறி மாறி நாலு மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணி ஒரு பையன் பயிற்சிக்கு வந்தது இந்த கிளப்புக்குத்தான், அவன்தான் சலா. முகமது எல்நெனியும் இதே கிளப்தான், 2013 ஆரம்பத்துல அவரும் பாசலுக்கே போனார்.

1989-90 காலி இடம் மட்டும்தான் ஒரு சந்தோஷத்துனால வந்தது. 56 வருஷம் கழிச்சு எகிப்து உலகக் கோப்பைக்குத் தேர்வாச்சு, அல்ஜீரியாவுக்கு எதிரா ஹுசாம் ஹசன் போட்ட அந்த ஒரே கோல்ல. கோச் மஹ்மூத் அல் கோஹரி டீம முழு நேரமும் தன் கையில கேட்டார், லீக நிறுத்திட்டாங்க. இத்தாலியில நெதர்லாந்தோட 1-1, அயர்லாந்தோட 0-0, இங்கிலாந்துகிட்ட 0-1. ஊருக்குத் திரும்பினாங்க, ஆனா யாரும் அந்த சீசன் போனதுக்காக வருத்தப்பட்டிருக்க மாட்டாங்க.

2000த்துக்கு அப்புறம் ஒரு மூணு நாலு வருஷம் லீக் சூடா இருந்துச்சு. 2002 மே மாசம் அஹ்லி ஜமாலெக்க 6-1னு அடிச்சது, காலித் பீபோ தனியா நாலு கோல், அப்படி அடிச்சும் அந்த வருஷ லீக் இஸ்மாயிலிக்குத்தான் போச்சு. அடுத்த வருஷம் கடைசி மேட்ச்ல ஒரு எண்ணெய்க் கம்பெனி டீமான என்பிகிட்ட அஹ்லி தோத்து, லீக் ஜமாலெக் கைக்கு மாறிச்சு. அதுக்கப்புறம் போர்ச்சுகல் கோச் மானுவல் ஜோசே திரும்பி வந்தார், 2004-05ல ஒரு மேட்ச் கூட தோக்காம கோப்பை, அங்க இருந்து 2011 வரைக்கும் தொடர்ந்து 7. கோச் ஹசன் ஷெஹாத்தாவோட தேசிய அணி 2006, 2008, 2010 மூணு ஆப்பிரிக்கக் கோப்பையையும் எடுத்தது, அந்த டீம்ல பெரும்பாலும் உள்ளூர் லீக்ல ஆடினவங்கதான். 2010ல மாத்து ஆளா மட்டுமே இறங்கி 5 கோல் போட்டு டாப் ஸ்கோரர் ஆன கெத்தோ அப்ப அலெக்சாண்ட்ரியாவோட அல் இத்திஹாத் பிளேயர். ஐரோப்பாவுக்கு ஆள அனுப்பித்தான் பெரிய டீம் ஆகணும்னு இல்ல, உள்ளூர் லீக் நல்லா இருந்தாப் போதும்னு ஒரு நாடு காட்டின காலம் அது.

கேலரியும் மாறிச்சு. 2007ல அஹ்லிக்கு அல்ட்ராஸ் அஹ்லாவி, ஜமாலெக்குக்கு வொயிட் நைட்ஸ்னு இளைஞர் கூட்டங்கள் உருவாச்சு. பாட்டு, பேனர், தீப்பந்தம், கூடவே போலீஸோட தொடர்ந்து மோதல். அதிபர் முபாரக் ஆட்சியில பத்து பேர் சேர்ந்து நின்னாலே கலைச்சு விடுவாங்க, ஆயிரக்கணக்குல பசங்க கூடி சத்தமா கத்தக்கூடிய இடம் ஸ்டேடியம் ஒண்ணுதான். கண்ணீர்ப்புகைக்கு நடுவுல எப்படி நிக்கணும், எப்படிச் சிதறி மறுபடி கூடணும்னு அவங்களுக்கு அத்துப்படி, 2011 ஜனவரியில முபாரக்குக்கு எதிரா கெய்ரோவோட தஹ்ரீர் சதுக்கம் கொந்தளிச்சப்ப ரெண்டு கிளப் பசங்களும் முன் வரிசையில நின்னாங்க. பிப்ரவரி 2ல முபாரக் ஆதரவாளருங்க ஒட்டகத்துலயும் குதிரையிலயும் வந்து கூட்டத்த அடிச்சப்பவும் அங்க இருந்தாங்க.

அதுக்கு ஒரு வருஷம் நிறைய ஒரு நாள் இருக்கிறப்ப, 2012 பிப்ரவரி 1, போர்ட் சயீத், அல் மஸ்ரி 3, அஹ்லி 1. ரெஃபரி கடைசி விசில் அடிச்சதும் ஜெயிச்ச ஊர் டீமோட ஆளுங்க கிரவுண்டத் தாண்டி அஹ்லி கேலரிக்கு ஓடினாங்க, கையில கத்தி, கம்பு. போலீஸ் வரிசையா நின்னு பார்த்துக்கிட்டு இருந்தத டிவியில நாடே பார்த்துச்சு. வெளிய போற இரும்புக் கதவு பூட்டியிருந்துச்சு, லைட் அணைஞ்சது, கேலரி மேல இருந்து சில பேரத் தள்ளி விட்டாங்க, கதவுகிட்ட நெரிசல்ல நசுங்கிப் போனவங்கதான் ஏராளம். 74 பேர், அதுல 72 அஹ்லி ரசிகர்கள், நிறைய பேர் சின்னப் பசங்க. காயம்பட்டவங்க 500க்கு மேல. அஹ்லி டிரஸ்ஸிங் ரூமே ஆஸ்பத்திரி ஆச்சு, அஹ்லி பிளேயர் அபூத்ரிக்கா கையில ஒரு ரசிகன் உயிர விட்டான். அதே ராத்திரி கெய்ரோவுல நடந்துக்கிட்டு இருந்த ஜமாலெக்-இஸ்மாயிலி மேட்ச பாதியில நிறுத்தினாங்க, அந்த ஸ்டேடியத்துலயும் தீ.

இது வெறும் ரசிகர் சண்டை இல்ல, ஒரு வருஷம் முன்னாடி தஹ்ரீர்ல நின்னதுக்கு வாங்கின பழின்னு அல்ட்ராஸ் பசங்க சொன்னாங்க, எகிப்துல நிறைய பேர் இன்னிக்கும் அப்படித்தான் நம்புறாங்க. 2013 ஜனவரி 26ல கோர்ட் 21 பேருக்கு மரண தண்டனை அறிவிச்சதும் கெய்ரோவுல அஹ்லி பசங்க கொண்டாட, போர்ட் சயீத்ல சிறைய முற்றுகையிட்ட கூட்டத்து மேல துப்பாக்கிச் சூடு, கலவரத்துல 30 பேருக்கு மேல செத்தாங்க. மறுவிசாரணை எல்லாம் முடிஞ்சு 2017ல 10 பேரோட தண்டனைய உச்சபட்ச கோர்ட் உறுதி பண்ணுச்சு. எகிப்தியனோட கிளப்னு பெருமையா பேர் வெச்ச ஊரு, 1956லயும் 1967லயும் நாட்டுக்காக வீட்ட இழந்த ஊரு, அந்த ஊர் பேரச் சொன்னாலே இப்ப ஜனங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது இந்த ராத்திரி. அங்க பொறந்து வளர்ந்த, எந்தத் தப்பும் பண்ணாத ஒரு ரசிகனுக்கு அது எவ்வளவு பெரிய பாரம், அல் மஸ்ரி பல வருஷம் வேற ஊர் கிரவுண்டத் தேடித்தான் ஆடினாங்க.

2011-12 காலி. அடுத்த 2012-13 சீசன ரெண்டு குரூப்பாப் பிரிச்சு, ரசிகர்கள உள்ள விடாம ஆரம்பிச்சாங்க, ஜூலை 3ல ராணுவம் அதிபர் முர்சி ஆட்சியக் கவிழ்த்ததும் அதுவும் ரத்து. ரெண்டு வருஷமா சொந்த லீக்ல சாம்பியன் கிடையாது, ஆனா அதே ரெண்டு வருஷமும் அஹ்லி ஆப்பிரிக்க சாம்பியன். 2012 ஃபைனல்ல துனிஸ்ல போயி எஸ்பெரான்ஸ 2-1னு அடிச்சாங்க, வாரா வாரம் ஆட மேட்ச் இல்லாத, கேலரி காலியா இருக்கிற, மனசு உடைஞ்சு போன ஒரு டீம். இஸ்மாயிலி 1970ல பண்ணத 42 வருஷம் கழிச்சு அஹ்லி பண்ணாங்க. செத்தவங்களுக்கு நியாயம் கிடைக்காம ஆட மாட்டேன்னு அந்த செப்டம்பர்ல சூப்பர் கப் மேட்ச்ச அபூத்ரிக்கா புறக்கணிச்சார், அதுக்காகத் தண்டனையும் வாங்கினார், என் கணக்குல அவர் போட்ட எந்த கோலுக்கும் இது குறைஞ்சது இல்ல.

தேசிய அணிக்கு அடி பலமா விழுந்துச்சு. 2012 ஆப்பிரிக்கக் கோப்பை வாய்ப்பு முன்னாடியே போயிருந்துச்சு, 2013லயும் 2015லயும் கூட தகுதி பெறல, 2013 அக்டோபர்ல கானாகிட்ட 1-6. உள்ளூர் லீக நம்பிக் கட்டின டீம், லீக் படுத்தா அதுவும் படுக்கத்தானே செய்யும். 2017ல திரும்பி எழுந்தப்ப அதுக்கு முதுகெலும்பா இருந்தது சலாவும் எல்நெனியும், அதாவது வெளிய போனவங்க.

ரசிகர்கள மறுபடி உள்ள விடலாம்னு முயற்சி பண்ணது 2015 பிப்ரவரி 8ல, கெய்ரோவுல ராணுவத்தோட ஏர் டிஃபென்ஸ் ஸ்டேடியம், ஜமாலெக்-என்பி மேட்ச். உள்ள போற வழியில கம்பி வலையால கூண்டு மாதிரி ஒரு குறுகலான பாதை, அதுல கூட்டம் அடைஞ்சு நிக்கிறப்ப போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டுச்சு, நெரிசல்ல 20 பேர் அளவுல செத்துட்டாங்க. வெளிய பிணம் கிடக்க உள்ள மேட்ச் நடந்துச்சு, ஜமாலெக்கோட உமர் காபிர் மட்டும் ஆட மாட்டேன்னு சொல்லிட்டார். 2018ல அல்ட்ராஸ் அஹ்லாவியும் வொயிட் நைட்ஸும் தாங்களே தங்கள கலைச்சுக்கிட்டாங்க. இப்ப ஃபேன் ஐடி எடுத்து, பேர் விவரம் எல்லாம் கொடுத்து, எண்ணி விடற எண்ணிக்கையிலதான் போகணும்.

கூட்டம் இல்லாத லீக்ல கூட்டம் தேவைப்படாத கிளப்புங்க பெருகினதுல ஆச்சரியம் இல்ல. எண்ணெய்க் கம்பெனிக்கு என்பி, பெட்ரோஜெட், ராணுவத்துக்கு தலாயி அல் கய்ஷ், எல்லைக் காவல் படைக்கு ஹரஸ் அல் ஹுதூத், உள்துறைக்கு அல் தாகிலிய்யா. சம்பளம் ஒழுங்கா வரும், கிரவுண்ட் நல்லா இருக்கும், ஆனா தோத்தா அழறதுக்கு ஊர்ல ஆள் இல்ல. இந்தப் பக்கம் 1948ல ஆரம்பிச்ச அந்த 11ல 2024-25 முதல் டிவிஷன்ல இருந்தது 5தான், அஹ்லி, ஜமாலெக், இஸ்மாயிலி, மஸ்ரி, இத்திஹாத். 173 கோல் போட்ட ஷாஸ்லியோட தெர்சானா இல்ல. அலெக்சாண்ட்ரியாவுக்குக் கோப்பை கொண்டு வந்த ஒலிம்பிக் இல்ல. கம்பெனி டீம்னாலே தப்புன்னு நான் சொல்ல வரல, மஹல்லாவும் மொகாவ்லூனும் கம்பெனி டீம்தான், ஆனா மஹல்லாவுக்குப் பின்னாடி ஒரு ஊரும் அந்த ஊரோட மில்லு சங்கும் இருந்துச்சு.

பிரமிட்ஸ் கதை இன்னொரு படி மேல. தெற்கு எகிப்துல இருந்த அல் அஸ்யூத்தி கிளப்ப 2018ல சவுதியோட துர்க்கி அல் ஷேக் வாங்கி, பேர மாத்தி, கெய்ரோவுக்குக் கொண்டு வந்துட்டார், அடுத்த வருஷமே எமிரேட்ஸ்காரர் கைக்கு மாறிச்சு. முதல் சீசன்ல இந்த லீக்ல இடமே இல்லாம இருந்த தெற்குக்கு அப்புறம் கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு அதோட போச்சு.

2025 மார்ச் 11, கெய்ரோ ஸ்டேடியம், அஹ்லி-ஜமாலெக். இந்த மேட்ச்சுக்கு வெளிநாட்டு ரெஃபரி வர்றது அங்க பழைய வழக்கம், நம்ம ஆளு விசில் ஊதினா ரெண்டு பக்கமும் நம்பாதுங்கிறதால. இந்தத் தடவ உள்ளூர் ரெஃபரியப் போட்டாங்க, அஹ்லி வரவே இல்ல. ஜமாலெக் பிளேயருங்க இறங்கி நிக்கிறாங்க, ரெஃபரி நேரத்தப் பார்த்து 20 நிமிஷம் காத்திருந்து மேட்ச்ச முடிச்சு வெச்சார். அஹ்லிக்குப் புள்ளி வெட்டணுமா வேண்டாமான்னு வாரக்கணக்குல வழக்கு, மேல்முறையீடு, கடைசியில வெட்டல, மே மாசக் கடைசியில 58 புள்ளியோட அஹ்லி சாம்பியன், 56 புள்ளியோட பிரமிட்ஸ் ரெண்டாவது.

அதுக்கு நாலு நாள் கழிச்சு ஜூன் 1ல பிரமிட்ஸ் தென்னாப்பிரிக்காவோட மாமெலோடி சன்டவுன்ஸ 2-1னு அடிச்சு ஆப்பிரிக்க சாம்பியன் ஆச்சு. மேட்ச் நடந்தது ஜூன் 30 ஸ்டேடியத்துல. பேர மாத்துறதுக்கு முன்னாடி அதுதான் ஏர் டிஃபென்ஸ் ஸ்டேடியம், 2015ல அந்தக் கம்பிக் கூண்டு வெச்சிருந்த இடம்.